அரை லாரிக்கு வைத்த மீசை

எங்கள் தெருவில் முதன்முதலில் மோட்டார் வைத்திருந்தவன் நான். இதைப் பல வருஷம் மார்தட்டிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மோட்டாரை வைத்துக்கொண்டு என்ன காரியம் செய்தேன் என்பதை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுவதற்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கேட்டு முகம் சுளிக்க வேண்டியவர்கள் யாரும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்களுடையது நெசவுக்காரர் தெரு. நானும் தறிக்காரன் பிள்ளைதான். ஆனால் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இழை அறுந்தால் பொறுமையாக முடி போட வேண்டும். நான் இழையைத் திட்டிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவேன். அப்பா காலமான பிறகு தறியை விற்றுவிட்டு, பட்டணத்தில் யாரோ ஓட்டித் தீர்த்த ஒரு பழைய காரை வாங்கி வந்தேன். அதன் பின்பாதி துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதை அறுத்து எறிந்துவிட்டு, தச்சரை வைத்துப் பலகை அடித்து, சாமான் ஏற்ற ஒரு தொட்டி கட்டினேன். முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் கட்டை வண்டி. தெருக்காரர்கள் அதற்கு 'அரை லாரி' என்று பெயர் வைத்தார்கள். கிண்டல்தான். எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

விடியும் நேரத்தில் ஓரிக்கைக்குப் போவேன். பாலாற்றங்கரைத் தோட்டங்களிலிருந்து கீரையும் கத்தரிக்காயும் வாழையிலையும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருவேன். மார்க்கெட் வாசலில்தான் தொல்லை. மாட்டு வண்டிக்காரர்களுக்கு என் மோட்டாரைக் கண்டால் இளக்காரம். வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வண்டியின் பின்கட்டை வந்து என் ரேடியேட்டரில் இடிக்கும். இரண்டு தடவை ஒழுகி, இரண்டு தடவையும் ஈயம் வைத்து அடைத்தேன். அதனால் முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு வேண்டும் என்று நினைத்தேன். அது வரைக்கும் நியாயமான நினைப்புதான்.

அந்தச் சமயத்தில் சின்ன காஞ்சிபுரத்துக்குக் கருட சேவை பார்க்கப் போயிருந்தேன். ஏதோ ஜமீன் வீட்டுக் கார் ஒன்று வந்து நின்றது. அதன் முன்னால் பளபளவென்று ஒரு பம்பர், இரண்டு பக்கமும் காரைவிட வெளியே நீண்டு, முனையில் வளைந்திருந்தது. பெருமாள் எழுந்தருளியபோது எல்லாரும் கையைக் கூப்பினார்கள். நான் பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயம்பேட்டையில் ஒரு கொல்லர் இருந்தார். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதும் ஏருக்குக் கொழு அடிப்பதும் அவர் தொழில். மோட்டார் வேலை பார்த்தவரில்லை. பஸ் கொட்டகையில் கழித்துப் போட்டிருந்த ஸ்பிரிங் பட்டைகளில் ஒரே அளவாக இரண்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன். நல்ல உருக்கு. அவர் விரலால் சுண்டி ஓசை கேட்டுவிட்டு, "இத்த நிமித்தறதுக்கே ஒரு நாள் ஆவும்பா" என்றார்.

மொத்தம் மூன்று நாள் ஆயிற்று. துருத்தியை நான் இழுத்தேன். பட்டைகளைச் செக்கச் செவேலென்று காய்ச்சி, வளைவை நிமிர்த்தி, மறுபடி தண்ணீரில் தோய்த்தார். பிறகு இரண்டையும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொஞ்ச தூரம் ஏற்றி, துளை போட்டு, ரிவெட் அடித்து ஒரே பட்டையாக்கினார். ஸ்பிரிங் பட்டையின் முனை உருண்டு ஒரு வளையம் மாதிரி இருக்கும். அதைக் கண் என்பார்கள். அந்தக் கண்களை வெட்டி எடுக்க அவர் உளியை எடுத்தார்.

"அது இருக்கட்டும்" என்றேன்.

"எங்கனா போய் மாட்டிக்கும்பா. மட்கார்டு அளவுக்கு நிறுத்திடறேன்."

"வேணாம். வெளியே நீட்டிக்கினு இருந்தாதான் எடுப்பா இருக்கும்."

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். வண்டி என்னுடையது, ஆசை என்னுடையது, அவருக்கு என்ன. பம்பரை மாட்டிப் பார்த்தபோது மட்கார்டைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் நீண்டிருந்தது. எண்ணெய் தடவிக் காய்ச்சியதில் கருகருவென்று மின்னியது. தறியில் எத்தனையோ முழம் நெய்திருக்கிறேன், ஒரு நாளும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருவுக்குள் வந்தேன். வாசலில் நின்ற இரண்டு மூன்று பேர் பார்த்துவிட்டு, "அரை லாரிக்கு மீசை முளைச்சிருக்குது" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது ஒன்றை மறந்திருந்தேன். வேறு தெருக்காரன் மறந்தால் மன்னிக்கலாம், எங்கள் தெருவில் பிறந்தவன் மறக்கக் கூடாத ஒன்று.

மூன்று புடவைக்கான பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்ற வேண்டிய நெடுக்கு இழைகளை, வீட்டுக்குள் நீட்ட இடம் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் தெருவில்தான் கழிகளை நட்டு, பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைப் பிணைப்பார்கள். அதற்காகத் தெருவை அடைத்துக்கொள்ளவும் முடியாது. எதிர்ப்பக்கச் சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு நுகத்தடி நீளத்தை வண்டிக்கு வழியாக விட்டுவிட்டுத்தான் கழி நட வேண்டும். இது தெருவின் கட்டுப்பாடு. இதற்கென்றே நாட்டாண்மைக்காரர் வீட்டில் ஒரு பழைய நுகத்தடி இருந்தது. தகராறு வந்தால் அதைக் கொண்டு வந்து தரையில் கிடத்துவார்கள். கழி அதற்குள் வந்திருந்தால் பாவுக்காரர் தப்பு. வண்டி அதைவிட அகலம் என்றால் வண்டிக்காரர் தப்பு. அரை லாரியை வாங்கி வந்த அன்றே நான் அந்த நுகத்தடியைக் கேட்டு வாங்கி, மட்கார்டுக்கு மட்கார்டு பிடித்துப் பார்த்தவன். வண்டி நான்கு விரற்கடை குறைவாகவே இருந்தது. மீசை வைத்த அன்று நுகத்தடியின் நினைப்பே வரவில்லை.

மறுநாள் காலையில் பாவு போட்டவர் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டுக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். தெருவில் யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் கழி நட அவரைத்தான் அழைப்பார்கள். நூல் பிடிக்காமல், கண்ணாலேயே பார்த்து, வரிசை பிசகாமல் நடுவார். அவர் நட்ட கழிக்கு எதிரே நுகத்தடியைக் கொண்டு வந்து யாரும் கிடத்திப் பார்த்ததே இல்லை. "அவரு நட்டா அளவு எதுக்கு" என்பார்கள். அவருக்கு வீடு சொந்தமில்லை, நிலம் கிடையாது. இந்தப் பேர் ஒன்றுதான் இருந்தது.

நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. அண்ணாவும் அண்ணியும் பாவுக்கு இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அரக்குச் சிவப்புப் பட்டு. என்னைப் பார்த்ததும் அண்ணா, வழி இருக்கிறது வா என்று கையை அசைத்தார். சக்கரம் சாக்கடையில் இறங்கிவிடக் கூடாது என்று நான் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு வருஷமாக அப்படித்தான் ஓட்டினேன். வலது பக்கம் பார்க்க வேண்டிய அவசியம் என்றைக்கும் வந்ததில்லை.

அண்ணியின் அலறல்தான் முதலில் கேட்டது. நிறுத்திவிட்டு இறங்கினேன். பம்பரின் வலது முனைக் கண்ணில் பாவு சிக்கி, கழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஏழெட்டு வீட்டு நீளத்துக்குப் பட்டு புழுதியில் சுருண்டு கிடந்தது. அண்ணா குந்தி உட்கார்ந்து இழைகளை ஒவ்வொன்றாகக் கண்ணிலிருந்து விடுவிக்கப் பார்த்தார். இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. நான் ஓடிப்போய் ஸ்பேனரை எடுத்து வந்து பம்பரையே கழற்றினேன். பட்டு நழுவி வந்துவிட்டது, இரண்டு மூன்று இழை மட்டும் உள்ளே சிக்கிக்கொண்டது. பம்பரைத் தூக்கி வண்டியின் பின்னால் போட்டுவிட்டு, பாவை வாரிச் சுருட்டி அவர் வீட்டுக்குள் கொண்டு போக உதவினேன். "பாவம், அவனும் எப்படிப் பதறிட்டான் பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கழற்றியபோது சத்தியமாக என் மனசில் சூது எதுவும் இல்லை. என் பக்கத்தில் சொல்லிக்கொள்ள இருப்பது இது ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொள்ளும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அதன் பிறகு ஓரிக்கைக்குப் போனேன். கீரை வாடிவிடும் என்று போனேன். அங்கே கட்டுகளை ஏற்றுவதற்காகப் பம்பரை ஓரமாக நகர்த்தியபோதுதான் அதன் நீளம் எனக்கு உறைத்தது. அண்ணா கழியைச் சரியாகத்தான் நட்டிருக்கிறார். நான்தான் நுகத்தடியைத் தாண்டியிருக்கிறேன். மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். ஐயம்பேட்டைக்குப் போய்ப் பம்பரைக் கொல்லர் பட்டறையில் போட்டுவிட்டு வந்தேன். எதற்காக என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானம் பிள்ளையார் கோயில் முன்னால் தெரு கூடியது. பாவு கொடுத்த பட்டுக் கடைக்கு யார் தப்பு என்று பதில் சொல்லியாக வேண்டும். கழி நட்ட குழிகளைப் பார்த்தார்கள். இழுபட்டதில் அவை கிழிந்து போயிருந்தன, எங்கே நட்டிருந்தார் என்று சொல்ல முடியவில்லை. என் சக்கரத் தடம் மட்டும் சாக்கடையை ஒட்டிச் சுத்தமாக இருந்தது. நுகத்தடியைக் கொண்டு வந்து மட்கார்டுக்கு மட்கார்டு பிடித்தார்கள். நான்கு விரற்கடை குறைவு.

நாட்டாண்மைக்காரர் கேட்டார்: "வண்டி நுகத்தடிக்குள்ள இருக்குது. சக்கரமும் ஓரமாத்தான் போயிருக்குது. அப்ப கழி எங்க இருந்துது?"

"ஐயா, வண்டி முன்னாடி ஒரு இரும்பு இருந்துது" என்றார் அண்ணா. "ரெண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கினு இருந்துது. அதுலதான் மாட்டிச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அபராதம் போட்டிருப்பார்கள். மீசை வைத்தவன் என்று நாலு நாள் சிரித்திருப்பார்கள். தறியை விட்டுவிட்டு மோட்டார் வாங்கியவன் புத்தி இதுதான் என்று பேசியிருப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எழுதச் சுலபமாக இருக்கும்.

"இரும்பு இருந்துது. மட்கார்டு அளவுக்குத்தான் இருந்துது" என்றேன். முந்தின நாள் அந்தி மங்கலில் மீசையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் அதன் நீளத்தை நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

"எங்க அது?"

"கோணிக்கிச்சுங்க. கொல்லருகிட்ட குடுத்திருக்கேன்."

"நாளைக்குக் கொண்டாந்து காட்டு" என்றார் நாட்டாண்மைக்காரர்.

அண்ணா என் பக்கத்தில் வந்தார். கோபமே இல்லை. "தம்பி, நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுபா" என்றார். தப்பித்துக்கொள்ள எனக்கு அவரே ஒரு வழி விட்டார். "நல்லா நெனச்சுதான் சொல்றேண்ணா" என்றேன்.

மறுநாள் காலை ஓரிக்கைக்குப் போகவில்லை. கொல்லர் பட்டறைக்குப் போய், பம்பரை இரண்டு சாண் குறைக்க வேண்டும் என்றேன். வெட்ட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. நடுவில் இருந்த ரிவெட்டுகளைத் தட்டி எடுத்து, பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இன்னும் இரண்டு சாண் ஏற்றி, புதிதாக ரிவெட் அடித்தால் போதும். வெளியே இருக்கும் முனைகள் அப்படியே இருக்கும்.

"நான் அன்னிக்கே சொன்னனே" என்றார் கொல்லர்.

"தெரு சின்னது. ஒத்து வரலை."

அவருக்கு எங்கள் தெருச் சங்கதி தெரியாது. அடித்துக் கொடுத்தார். அன்றைக்கும் துருத்தியை நான்தான் இழுத்தேன். ஒட்டின இடத்தில் பழைய துளைகள் தெரிந்தன. அதன்மேல் வண்டியின் நம்பர் பலகையை வைத்து முடுக்கினேன். புதுசாக அடித்தது தெரியாமல் எண்ணெயும் கரியும் பூசினேன். கண்ணுக்குள் சிக்கியிருந்த சிவப்பு இழைகளை மட்டும் எடுக்கவில்லை. மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். அதே இரும்புதான் என்று பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும் அல்லவா? என் மூளை அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்த நாள் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

தெருவில் மறுபடி நுகத்தடியைப் பிடித்தார்கள். பம்பர் அதற்குள் அடங்கியிருந்தது. அண்ணா குனிந்து வலது முனையைப் பார்த்தார். கண்ணுக்குள் விரலை விட்டு அந்த இழைகளை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இதானாபா அந்த இரும்பு?" என்று நாட்டாண்மைக்காரர் கேட்டார்.

"இதான்யா" என்றார் அண்ணா. நான் வாயைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஆறு மாசம் அவர் தெருவில் பாவு போடக் கூடாது, ஊருக்கு வெளியே தோப்பில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். பாவு பாழான நஷ்டமும் அவர் தலையில்தான். அந்தச் சிக்கலை அண்ணி மடியில் போட்டுக்கொண்டு பல நாள் பிரித்தார். அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் வாயால் சொல்லவில்லை. அதன் பிறகு கழி நட அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. "அவருக்கே தவறிப்போச்சுன்னா பாரேன்" என்று ஆச்சரியமாகச் சொல்லிவிட்டு, ஆளாளுக்கு நுகத்தடியை எடுத்து வந்து அளந்து நட்டுக்கொண்டார்கள். நான் அந்தக் கழிகளுக்குப் பக்கத்தில் தினமும் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். நடுவில் ஒரு நாள் நாட்டாண்மைக்காரர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன், சொல்லிவிடலாம் என்று. அவர் வெளியே வந்து என்ன என்று கேட்டதும், தோட்டத்துக் கத்தரிக்காய் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். எழுதும்போதே என் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில் ஓரிக்கைக்குப் போகும் வழியில் அண்ணாவைப் பார்த்தேன். தோளில் கழிக்கட்டு, கக்கத்தில் பாவுச் சுருள், தோப்பை நோக்கித் தனியாக நடந்துகொண்டிருந்தார். அண்ணிக்குக் காய்ச்சலாம். வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னேன். ஏதோ செய்த மாதிரி இருக்கட்டும் என்ற அற்ப எண்ணம்தான். அவர் கழிகளைப் பின்னால் வைத்துவிட்டு, பாவை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் பேசினார்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்."

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். கண்டுபிடித்திருந்தால் நன்றாக இருக்குமே என்றும் ஒரு நொடி நினைத்தேன்.

"அன்னிக்கு நீ பொய் சொல்றேன்னு நெனச்சுட்டேன்பா. வூட்ல போய் அவகிட்டயும் சொன்னேன், இரும்பை மாத்திக் கொண்டாருவான் பாருன்னு. வாய்க்கு வந்தபடி திட்டினேன் உன்னை. அப்புறம் அந்த இழையை கையில எடுத்ததும்தான் தெரிஞ்சுது, அதே இரும்புதான்னு. என் கண்ணுதான் என்னை ஏமாத்தியிருக்குது. நாலாப் பக்கமும் என்னை நம்பினாங்க, எத்தினி வருசமா எத்தினி பேருக்குத் தப்பா நட்டுக் குடுத்தேனோ தெரியல. உன்னை அப்படி நெனச்சிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதபா. என்னை மன்னிச்சுடு."

சொல்லிவிடலாம். வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். நம்பர் பலகையைக் கழற்றிக் காட்டினால் போதும், ஸ்பேனர் காலடியிலேயே கிடந்தது.

"பரவால்லண்ணா, விடுங்க" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

தோப்பில் இறக்கிவிட்டேன். அங்கே தெரு கிடையாது, சாக்கடை கிடையாது, எந்த வண்டியும் வராது. மரங்களுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் கழி நடலாம். அவர் இடுப்பில் செருகியிருந்த ஓர் அளவுகோலை எடுத்தார். தரையில் வைத்து அளந்து கோடு கிழித்தார். எழுந்து நின்று பார்த்துவிட்டு, நம்பிக்கை வராமல் மறுபடி குனிந்து அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்தார். அப்புறம்தான் முதல் கழியை ஊன்றினார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு கீரை ஏற்றப் போனேன்.